கத்திரி வெயிலில் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள்

மே மாதத் தொடக்கத்திலிருந்து மாதக் கடைசி வரை நீளும் கத்திரி வெயில் நாட்களில், மதியம் இரண்டு மணி வாக்கில் உங்கள் சிறுநீரின் நிறத்தை ஒருமுறை கவனியுங்கள். வெளிர் மஞ்சளாக இருந்தால் கவலையில்லை. நிறம் அடர்ந்து, அளவு குறைந்து, எரிச்சலோடு சொட்டுச் சொட்டாகப் போனால் உடம்பில் நீர் வற்றிவருகிறது. உடனே குடிக்கத் தொடங்குங்கள். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எப்படியும் பளீர் மஞ்சளாகத்தான் போகும். அவர்கள் அளவைப் பார்க்கட்டும்.

நம் இரண்டு சிறுநீரகங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 20 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒரு நாளில் இவை ரத்தத்திலிருந்து வடித்தெடுக்கும் நீர் சுமார் 180 லிட்டர். வெளியே போவதோ ஒன்றரை லிட்டர் அளவுதான். மற்றதெல்லாம் நுண்குழாய்களில் உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்கே திரும்புகிறது. வியர்த்துக் கொட்டும்போது ரத்தத்தில் உப்பின் செறிவு ஏறுவதை மூளை கண்டுகொண்டு ஏ.டி.எச். என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. உடனே சிறுநீரகம் இன்னும் இறுக்கிப் பிடித்து நீரைச் சேமிக்கிறது. கழிவு அதே அளவு, கரைக்கும் நீர் குறைவு. அதனால்தான் நிறம் அடர்கிறது. ஆனால் கழிவு வெளியேற நாளுக்கு அரை லிட்டர் சிறுநீராவது போயாக வேண்டும். சிறுநீரகத்தால் நீரை மிச்சம் பிடிக்க முடியும், உண்டாக்க முடியாது.

தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களிலும் செங்கல் சூளைகளிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வை சாதாரணமாகப் போய்விடும். தாகத்துக்குக் காத்திருக்காதீர்கள். கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் குடியுங்கள். வியர்வையோடு உப்பும் போகிறது என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் என்ற குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். அது குறையாதபடி ஆல்டோஸ்டீரோன் என்னும் ஹார்மோன் சிறுநீரகத்தில் சோடியத்தைத் தடுத்து நிறுத்தப் பார்க்கும். அப்படியும் வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் சோடியம் சரிந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். எனவே உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம், எலுமிச்சைச் சாறு எல்லாம் நடுநடுவே வேண்டும். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் உப்பைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் அச்சிட்ட அளவுத் தண்ணீரில் கரையுங்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரை, அரைச் சிறு கரண்டி உப்பு, இரண்டும் தலை தட்டி. கடையில் டப்பாவில் விற்கும் இனிப்புப் பானம் இதற்கு ஈடாகாது.

இளநீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு அது அருமையான பானம். ஆனால் அதில் சோடியம் குறைவு, பொட்டாசியம் மிகுதி. மிகுந்த பொட்டாசியத்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. அது பழுதானவர்களுக்கு ரத்தத்திலேயே தங்கி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்கு அன்போடு இளநீர் வெட்டிக் கொடுக்கும் உறவினர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் குடிக்கும் தண்ணீரின் அளவும் மருத்துவர் சொன்னபடியே இருக்கட்டும்.

வெயிலில் உடம்பு வலிக்கிறது என்று டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் மாத்திரைகளைத் தாமாக வாங்கிப் போடுவது பெரிய ஆபத்து. நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் காக்கும் ஏற்பாட்டை இவை முடக்கிவிடும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வயிற்றுப்போக்கு வந்த அன்றே மருத்துவரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை, அல்லது கடுந்தேநீர் நிறத்தில் போகிறது என்றால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெயிலில் நின்றவர் உளறினாலோ மயங்கினாலோ நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

சித்தாள் வேலைக்கும் துணிக்கடைக்கும் போகும் பெண்கள் பலர், ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். நீர்க்கடுப்பும் கல்லும் கிருமித் தொற்றும் அங்கேதான் தொடங்குகின்றன. மேஸ்திரிகளே, கடை முதலாளிகளே, குடிநீர்ப் பானை வைப்பதோடு நிறுத்தாமல் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பறையை இந்த வாரமே ஏற்பாடு செய்யுங்கள்.