சைக்கிள் தடமும் கல்லாப்பெட்டியும்

கடைத்தெருவில் சைக்கிளுக்குத் தனியாக இடம் ஒதுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தாலே, "வண்டி நிறுத்த இடம் போய்விட்டால் வியாபாரம் என்ன ஆவது?" என்றுதான் நம் வணிகர்கள் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கனடா நாட்டின் டொரான்டோ நகரில், புளோர் வீதிக் கடைக்காரர்களுக்கும் இதே கவலை இருந்தது. அங்கே கணக்கெடுத்துப் பார்த்தார்கள்.

2008-ல் அவ்வீதியின் அனெக்ஸ் பகுதியில் வாடிக்கையாளர்களை விசாரித்தபோது, காரில் வந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்தான். நடந்தும் சைக்கிளிலும் வருகிறவர்களே மாதத்தில் அதிகத் தடவை வந்து, அதிகமாகச் செலவு செய்தனர். மளிகைக் கடைக்காரருக்கு இது புதிதல்ல. அரைக் கிலோ பருப்புக்கு வாரம் மூன்று முறை வருகிறவர்தானே நம் கடையைத் தாங்குகிறார்!

2016-ல் சுமார் 2.4 கிலோமீட்டருக்குச் சோதனை முறையில் தடம் அமைத்தனர். சாலையை அகலப்படுத்தவில்லை, எந்தக் கட்டடத்தையும் இடிக்கவில்லை. இருந்த தார்ச்சாலை மேலேயே வண்ணக்கோடுகள் போட்டு, இடித்தாலும் வளைந்து நிமிரும் பிளாஸ்டிக் கம்பங்களை நட்டனர். செலவு சுமார் 5 லட்சம் கனடா டாலர். வாகன நிறுத்துமிடங்களில் ஒரு பகுதி போனது உண்மை. ஆயினும் அனெக்ஸ், கொரியா டவுன் வணிகர் சங்கங்களும் பங்கேற்று நடத்திய ஆய்வில், வாடிக்கையாளர் வருகையும் அவர்கள் செலவிடும் தொகையும் கூடியிருந்தன. கூடியது முழுவதும் தடத்தால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். கடைகள் நொடிக்கவில்லை என்பதே நமக்கு முக்கியம். 2017 நவம்பரில் மாநகர மன்றம் தடத்தை நிரந்தரமாக்கியது. தகராறு அத்துடன் ஓயவில்லை. அதை அகற்ற 2024-ல் மாகாண அரசு சட்டம் இயற்ற, 2025 ஜூலையில் நீதிமன்றம் அது செல்லாது என்றது.

நம் ஊரில் இப்படி ஒரு திட்டம் வந்தால், உடனே கடையடைப்புக்குப் போக வேண்டாம். கல்லாவில் ஒரு நோட்டு வைத்து, ஒரு வாரம் வருகிறவர் நடந்து வந்தாரா, சைக்கிளா, பைக்கா, காரா என்று கோடு போட்டு வையுங்கள். சரக்கு லாரி எந்நேரம் வருகிறது, இறக்க எவ்வளவு நேரமாகிறது என்பதையும் எழுதுங்கள். சரக்கு இறக்க நேரம் ஒதுக்கக் கோரி அதிகாரிகளிடம் பேசும்போது, சங்கத்தின் கையில் இருக்க வேண்டியது இந்த நோட்டுதான்.

தடம் வருவதற்கு முன்பே செய்யக்கூடியவையும் உண்டு. சாக்கடை மூடிக் கம்பிகள் சக்கரம் போகும் திசையிலேயே இருந்தால் டயர் சிக்கும். அவற்றைக் குறுக்காகத் திருப்பிப் போடச் சொல்லலாம். விலைப் பலகையையும் மூட்டையையும் தார் ஓரத்திலிருந்து உள்ளே இழுத்துக்கொள்வதற்கோ, நாம் யாரிடமும் மனுக் கொடுக்க வேண்டியதில்லை.