இரண்டு எஸ்.எஸ்.டி.களில் எதை எங்கே வைப்பது?

வெளியூரில் குடியிருக்கும் நம் குடும்பங்களில் கம்ப்யூட்டர் இன்று வெறும் கடிதம் அடிக்கும் யந்திரம் அல்ல. ஊரிலுள்ள வீட்டுப் பத்திரத்தின் நகல், பிள்ளைகளின் மார்க் ஷீட், தாத்தாவின் அறுபதாம் கல்யாண வீடியோ, வருமான வரிக் கணக்கு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. விண்டோஸ் கெட்டுப்போய், "ஃபார்மட் செய்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம்" என்று கடைக்காரர் சொல்லும்போதுதான், எது எங்கே இருக்கிறது என்ற கேள்வி எழுகிறது. அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது எப்படி என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறுபவர்களும், பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுபவர்களும் இதை மனதில் கொள்வது நல்லது.

எஸ்.எஸ்.டி. என்றால் என்ன?

ஹார்ட் டிஸ்கில் தட்டு சுழலும். அதன்மேல் ஒரு முள் நகர்ந்து தகவலைப் படிக்கும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகம் எதுவும் இல்லை. தகவல் முழுவதும் ஃபிளாஷ் சில்லுகளில் மின்னேற்றமாகத் தங்குகிறது. இந்த வகை நினைவகம் ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா என்ற பொறியாளரின் முயற்சியில் 1980-களில் உருவானது.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். 'சாட்டா' வகை நொடிக்குச் சுமார் 550 மெகாபைட் வரை படிக்கும். 'என்விஎம்இ' வகை 3,500 மெகாபைட், அதற்கு அடுத்த தலைமுறை 7,000 மெகாபைட் வரை போகும். எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஹார்ட் டிஸ்கிலிருந்து எந்த எஸ்.எஸ்.டி.க்கு மாறினாலும் வேகம் பளிச்சென்று தெரியும். ஆனால் கடிதம் எழுதுவது, வங்கிக் கணக்கு பார்ப்பது போன்ற வேலைகளில் இந்த இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

1 டெராபைட் வாங்கினால் விண்டோஸ் 931 ஜிகாபைட் என்றே காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம். தயாரிப்பாளர் 1 ஜிகாபைட் என்பதை 100 கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார். விண்டோஸோ 107 கோடிக்கும் சற்று மேலாகக் கணக்கிடுகிறது. வித்தியாசம் அங்கேதான்.

வாடகை வீடும் சொந்தப் பெட்டியும்

500 ஜிகாபைட் என்விஎம்இ ஒன்றும், 1 டெராபைட் சாட்டா ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது 'சி' டிரைவ், இரண்டாவது 'டி' டிரைவ்.

வாடகை வீட்டைக் காலி செய்யும்போது சுவரில் பதித்த அலமாரி அங்கேயே தங்கிவிடும். நம் பெட்டிகள் நம்மோடு வரும். 'சி' டிரைவ் அந்தச் சுவர் அலமாரி. விண்டோஸை மறுபடி நிறுவும் நாளில் அதில் உள்ளதெல்லாம் போகலாம் என்று கொள்ளுங்கள். 'டி' டிரைவ் நம் பெட்டி. திரும்பக் கிடைக்காத எதையும் அலமாரியில் வைக்கக் கூடாது.

சி: விண்டோஸ், அன்றாடம் பயன்படும் புரோகிராம்கள்.
டி: படங்கள், வீடியோ, ஆவணங்கள், கணக்குகள், பெரிய விளையாட்டுகள்.

புரோகிராம்களை 'டி'யில் போட்டால் பிழைக்குமா?

புரோகிராம்களை 'டி'யில் நிறுவினால் ஃபார்மட் செய்த பிறகும் அவை அப்படியே ஓடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். பெரும்பாலானவை ஓடா. ஒரு புரோகிராமை நிறுவும்போது அதன் விவரங்கள் 'சி'யிலுள்ள ரிஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டிலும் வேறு சில இடங்களிலும் எழுதப்படுகின்றன. 'சி' அழிந்தால் அந்தப் பதிவுகளும் அழியும். 'டி'யில் மிஞ்சுவது வெறும் கூடுதான். மறுபடி நிறுவியே ஆக வேண்டும்.

ஆகவே சாதாரணப் புரோகிராம்களைச் 'சி'யிலேயே விடுங்கள். 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரை அப்படியே வெட்டி 'டி'யில் ஒட்டும் வேலை மட்டும் வேண்டாம். பல புரோகிராம்கள் திறக்காமல் போகும். கணக்கு எழுதும் புரோகிராமைச் 'சி'யில் வைத்து, அதன் தகவல் ஃபோல்டரை மட்டும் 'டி'யில் அமைப்பதே சரியான முறை. விளையாட்டுகள் சில இதற்கு விலக்கு. ஸ்டீம் போன்றவற்றில் 'டி'யிலுள்ள ஃபோல்டரை மறுபடி சுட்டிக்காட்டினால் விளையாட்டை அது அடையாளம் கண்டுகொள்ளும்.

செய்முறை

1. டிரைவ் வாங்குமுன் மதர்போர்டின் கையேட்டைப் பாருங்கள். 'எம்.2' என்ற ஒரே மாதிரிப் பொருத்துமிடத்தில் சில சாட்டாவை மட்டும் ஏற்கும், சில என்விஎம்இயை மட்டும் ஏற்கும், சில இரண்டையும் ஏற்கும்.

2. விண்டோஸ் நிறுவும்போது இரண்டாவது டிரைவைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் கம்ப்யூட்டரைத் துவக்கும் சிறு பகுதி சில சமயம் அந்த இரண்டாவது டிரைவில் போய் உட்கார்ந்துவிடும். பின்னொரு நாள் அதைக் கழற்றினால் கம்ப்யூட்டரே துவங்காது.

3. விண்டோஸ் ஓடத் தொடங்கிய பிறகு இரண்டாவது டிரைவைப் பொருத்துங்கள். புதியதாக இருந்தால் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பகுதியில் ஜிபிடி முறையில் தயார்செய்து, என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்து, 'டி' என்ற எழுத்தைக் கொடுங்கள். ஏற்கெனவே தகவல் உள்ள டிரைவை ஃபார்மட் செய்துவிடாதீர்கள்! கொடுத்த எழுத்தைப் பிறகு மாற்றாதீர்கள். மாற்றினால் புரோகிராம்கள் வழி தெரியாமல் தவிக்கும்.

4. 'டி'யில் படங்கள், ஆவணங்கள் என்று தனித்தனி ஃபோல்டர்கள் உருவாக்குங்கள். பிறகு 'பிக்சர்ஸ்' ஃபோல்டர்மீது வலது பொத்தானை அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்', 'லொகேஷன்', 'மூவ்' என்று போய், புதிய ஃபோல்டரைக் காட்டுங்கள். 'டாக்குமென்ட்ஸ்', 'வீடியோஸ்' இவற்றுக்கும் இதே முறைதான். வெறும் 'டி' டிரைவையே காட்டிவிடாதீர்கள். டிரைவ் முழுவதும் 'பிக்சர்ஸ்' ஆகிவிடும், திருப்புவது பெரும்பாடு. ஒன்டிரைவ் இந்த ஃபோல்டர்களைத் தன்வசம் எடுத்திருந்தால் முதலில் அதன் அமைப்பில் போய் அதை நிறுத்திவிட்டு, கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

5. இரண்டு டிரைவிலும் ஐந்தில் ஒரு பங்கு இடம் காலியாக இருக்கட்டும். முழுக்க நிரம்பினால் எஸ்.எஸ்.டி.யின் வேகம் குறையும்.

தேய்ந்து போகுமா?

எழுத எழுத ஃபிளாஷ் சில்லு தேயும் என்பது உண்மை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் உள்ள டிரைவில் தினம் 20 ஜிகாபைட் எழுதினால், அந்த அளவை எட்ட 15,000 நாள், அதாவது 41 ஆண்டு ஆகும். அதற்கு முன் வேறு பழுது வரலாமே தவிர, வீட்டு உபயோகத்தில் எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஹார்ட் டிஸ்கைச் சீராக்க 'டிஃபிராக்' செய்வோமே, அது எஸ்.எஸ்.டி.க்குத் தேவையில்லை. அதற்கு வேண்டியதை விண்டோஸே செய்துகொள்ளும்.

இரண்டு இருந்தால் போதுமா?

போதாது. 'டி'யில் உள்ள ஒரே பிரதி பாதுகாப்பான பிரதி ஆகாது. ஹார்ட் டிஸ்கில் தவறி அழித்த படத்தைப் பல சமயம் மீட்டுவிடலாம். எஸ்.எஸ்.டி.யிலோ, அழித்த இடத்தை 'டிரிம்' என்ற கட்டளை உள்ளுக்குள்ளேயே துடைத்துவிடுவதால் மீட்பது மிகக் கடினம். ஆகவே 'டி'யின் நகலை வெளியே ஓர் ஹார்ட் டிஸ்கில் எடுத்துத் தனியே வையுங்கள். எஸ்.எஸ்.டி.யில் எடுத்து ஆண்டுக்கணக்கில் மின்சாரம் கொடுக்காமல் பீரோவில் வைப்பது உகந்ததல்ல. மின்னேற்றம் மெல்லக் கசியும்.

இன்னொன்று. இப்போது பல கம்ப்யூட்டர்களில் டிரைவுகள் 'பிட்லாக்கர்' பூட்டுடன் வருகின்றன. மறுபடி நிறுவும்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு, அது கிடைக்காவிட்டால் 'டி'யில் உள்ளது பத்திரமாக இருந்தும் பயனில்லை. அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதைத் தாளில் எழுதி, பாஸ்போர்ட் வைக்கும் இடத்தில் வையுங்கள்.

வீட்டுப் பயிற்சி

இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் உட்கார வைத்துக்கொண்டு மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

1. 'சி' டிரைவ் இன்று அழிந்தால் நமக்குத் திரும்பக் கிடைக்காதவை எவை?
2. அவற்றுள் 'டி'யில் இருப்பவை எவை?
3. அவற்றின் நகல் வீட்டில் வேறெங்கே இருக்கிறது?

மூன்றாவது கேள்விக்கு விடை எழுத முடியாவிட்டால், முதலில் நகல் எடுங்கள். டிரைவ் மாற்றும் வேலையை அதற்குப் பிறகு தொடங்கலாம்.