அச்சு முறுக்கு

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் பலகாரக் கடைகள் வரிசை கட்டி நிற்கும். முறுக்கு, ஓமப்பொடி, அதிரசம், நெய்யுருண்டை ஆகியவற்றுக்கு இடையே, பூப்போல் விரிந்த அச்சு முறுக்கும் புட்டிகளில் அடுக்கப்பட்டிருக்கும்.

இந்தப் பலகாரம் தீபாவளிக்கு மட்டும் உரியதன்று. சீனப் புத்தாண்டின்போது சீனர்கள் இதைத் தேன்கூடு எனும் பொருள்படும் பெயரால் அழைத்து விருந்தினருக்குக் கொடுக்கின்றனர். நோன்புப் பெருநாளில் மலாய்க்காரர் இல்லங்களில் இது குவே ரோஸ் அல்லது குவே லோயாங் ஆகிறது. 'லோயாங்' என்னும் மலாய்ச் சொல் பித்தளையைக் குறிக்கும். பித்தளை அச்சில் செய்யப்படுவதைப் பெயரே காட்டிவிடுகிறது. கேரளக் கிறிஸ்தவர்கள் கிறிஸ்துமசுக்கு அச்சப்பம் சுடுகின்றனர். இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குக் கொக்கிஸ் செய்கின்றனர். சுவீடன், நோர்வே போன்ற நாடுகளில்கூட, கோதுமை மாவும் பசும்பாலும் கலந்து, இதே போன்ற அச்சில் பலகாரம் பொரிக்கும் வழக்கம் உண்டு.

நம் நாட்டு அச்சு முறுக்குக்கு வேண்டிய பொருள்கள் மிகச் சில. அரை கிலோகிராம் அரிசி மாவுக்கு 250 கிராம் சீனி, 4 முட்டை, ஏறத்தாழ 600 மில்லிலிட்டர் தேங்காய்ப்பால், ஒரு சிட்டிகை உப்பு போதும். விரும்பினால் எள் சேர்க்கலாம். முட்டையையும் சீனியையும் முதலில் நன்றாகக் கலக்கி, பின்னர் தேங்காய்ப்பாலையும் மாவையும் சேர்த்துக் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். தோசை மாவைவிடச் சற்று நீர்த்திருப்பது நல்லது.

மாவைக் கரைப்பது எளிது. அச்சில்தான் சிக்கல் இருக்கிறது. அச்சைக் கொதிக்கும் எண்ணெயில் சூடாக்கி, அதிகப்படியான எண்ணெயை வடித்துவிட்டு, மாவில் தோய்க்க வேண்டும். சூடு போதாவிட்டால் மாவு அச்சில் பிடிக்காமல் வழிந்துவிடும். சூடு மிகுந்தால் தோய்த்த உடனே வெந்து கலத்திலேயே உதிர்ந்துவிடும். சரியான சூட்டில் மாவின் மெல்லிய படலம் ஒன்று உலோகத்தைச் சுற்றி உடனே இறுகுகிறது. அச்சின் விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை மட்டுமே மாவு படலாம். மேற்பகுதியையும் மூடிவிட்டால் முறுக்கு கழன்று வராது. எண்ணெயில் இட்டதும் மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேற, முறுக்கு மொறுமொறுப்பாகிறது. அப்போது அச்சை மெல்ல அசைத்தால் பூ தானாகக் கழன்று மிதக்கும். அந்த நொடியை எந்தச் செய்முறைக் குறிப்பாலும் சொல்லிவிட முடியாது. பாட்டியின் அருகில் நின்று பார்த்தவர்களுக்கே அது பிடிபடுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலை முடிந்து இரவில் வீடு திரும்பும் பெற்றோர் பலர் பலகாரங்களை முன்பதிவு செய்து வாங்குவதில் வியப்பில்லை. ஆனால், வாங்கும் வீட்டில் அருகில் நின்று பார்க்க ஒன்றுமில்லை.

இப்பலகாரத்தில் முட்டை இருப்பதை விருந்தளிப்போர் மறந்துவிடக்கூடாது. திறந்த இல்ல உபசரிப்புக்குப் பல இனத்தவரும் வருவர். அவர்களுள் சைவ உணவு மட்டுமே உண்போரும் இருப்பர். தோற்றத்தைப் பார்த்து முட்டை இருப்பதை யாராலும் அறிய முடியாது. ஆகவே, கேட்கும்வரை காத்திராமல் முன்னரே சொல்லிவிடுவதே முறை. படையலுக்கும் சைவ விருந்தினருக்கும் முட்டையில்லாமல் தனியாகச் சுடுவோரும் உண்டு. அதற்கென மாவைத் தனியே கரைத்து, முட்டை கலந்த மாவைத் தொடும் முன்பே அச்சை அதில் தோய்க்கிறார்கள். எண்ணெயும் புதிதாக இருக்கும்.

தீபாவளி மாதத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை மழை அடிக்கடி பெய்யும். ஈரக் காற்றில் அச்சு முறுக்கு விரைவில் நமத்துவிடும் என்பதால், முழுவதும் ஆறிய பிறகு காற்றுப் புகாத டின்களில் அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளே நீர் வியர்த்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

கடையில் வாங்கிய புது அச்சு முதல் நாளிலேயே பூவை விட்டுக் கொடுப்பதில்லை. அதை அரிசி கழுவிய நீரில் ஊறவைத்துத் துடைத்து, பின்னர் எண்ணெயில் பலமுறை காய்ச்சிப் பழக்குவர். முதலில் சுடும் சில முறுக்குகள் பிய்ந்தே வரும். பழகிய அச்சைச் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பதில்லை. துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்றி அடுத்த தீபாவளிக்கு எடுத்து வைக்கின்றனர்.