ஆசிரியர்களிடையே தலைவர்களை வளர்க்க எந்த வழி?

ஜூனில் பள்ளி திறந்ததும் திருச்சியின் தனியார் பள்ளிகள் பலவற்றில் ஆசிரியர்களுக்கான ஒருநாள் 'தலைமைப் பண்புப் பயிற்சி'க்குத் தேதி குறித்துவிடுகிறார்கள். பக்கத்துப் பள்ளியில் நடந்தது, தாளாளர் கேட்கிறார், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் படம் போடலாம் என்பவையே பெரும்பாலும் காரணம். நம் ஆசிரியர்களுக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி பல இடங்களில் எழுவதே இல்லை. தலைமையாசிரியர் முன்னுள்ள வழிகள் தெரிந்தவைதான். வெளியாளை அழைத்துப் பயிற்சி தரலாம். பணிமூப்புப்படி பாடப் பொறுப்பாளர் ஆக்கலாம். ஒருவர் வகுப்பை இன்னொருவர் பார்க்க வைக்கலாம். பள்ளியின் வேலை ஒன்றை முடிவெடுக்கும் உரிமையோடு ஒப்படைக்கலாம். என் சாய்வு கடைசி இரண்டின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஒருநாள் பயிற்சியை இவ்வளவு நம்புவது தவறு. கேட்டதும் செய்துகாட்டப் பார்த்ததும் மட்டுமே வகுப்பறைக்குள் வந்துவிடுவதில்லை, திரும்பி வந்தபின் கூட இருந்து கைகொடுக்க ஒருவர் வேண்டும் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் ஜாய்ஸும் ஷவர்ஸும் 1980களிலேயே எழுதினார்கள். நம் அனுபவமும் அதுதான். 2003இல் எம்.பி.விஜயகுமார் ஆணையராக இருந்தபோது சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆசிரியர்கள் ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளிக்குப் போய் அங்குள்ள வகுப்புகளைப் பார்த்தார்கள். வந்து தம் வகுப்பிலேயே செய்து பார்த்தார்கள். மாநிலம் முழுவதும் அது பரவியது 2007-08இல்தான். மேடைப் பேச்சால் மட்டும் அந்த மாற்றம் வந்திருக்காது. ஆசிரியரின் கற்றலில் தலைமையாசிரியர் தாமும் பங்கெடுப்பதே மாணவர் கற்றலோடு மிக வலுவாகப் பொருந்துகிறது என்று கல்வி ஆய்வாளர் விவியன் ராபின்சனின் குழு 2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியது. இங்கே நடப்பது என்ன? பேச்சாளருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டுத் தலைமையாசிரியர் தம் அறைக்குத் திரும்பிவிடுகிறார். ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்ற கணக்கை நிரப்பவே சிபிஎஸ்இ பள்ளிகள் சில இந்த ஒருநாள் பயிற்சியை நாடுகின்றன. அந்த 50 மணி நேரத்தைச் சொல்லும் 2020 தேசியக் கல்விக் கொள்கை, தலைமையாசிரியருக்கும் அதே அளவைச் சொல்கிறது. ஒரு நாளாவது உற்சாகம் வருகிறதே என்பார்கள். வரட்டும். ஆனால் ஒரு வகுப்புத் தேர்வைத் தள்ளிவைக்கக்கூட மூன்று கையெழுத்துக்கு அலையும் ஆசிரியரிடம் உற்சாகத்துக்கா பஞ்சம்? முடிவெடுக்கும் இடம்தான் அவருக்கு இல்லை.

அந்த இடத்தைக் கொடுக்கப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். வைகுண்ட ஏகாதசிக்குத் திருச்சி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி நடக்கும். ஸ்ரீரங்கத்துப் பள்ளி ஒன்றில் அந்தச் சனிக்கிழமையை இரண்டு ஆசிரியர்களிடம் முழுதாக ஒப்படைத்தால் போதும். எந்தப் பாடத்துக்கு எத்தனை பாடவேளை, கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளை யாரிடம் உட்கார வைப்பது, பெற்றோர் கேட்டால் யார் பதில் சொல்வது எல்லாம் அவர்கள் முடிவு. மீதி நாட்களில், ஜப்பானியப் பள்ளிகளில் நெடுங்காலமாக நடப்பதைப்போல ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் பின்னால் அமர்ந்து பிள்ளைகளைக் கவனித்து, மாலையில் கூடிப் பேசலாம். தலைமையாசிரியர் முதலில் தம் வகுப்பையே திறந்து வைத்தால் பாதிக் கூச்சம் போய்விடும்.

இளையவரிடம் பொறுப்பைத் தந்தால் மூத்தவர்கள் மனம் புண்படும் என்பது நியாயமான அச்சம்தான். பணிமூப்புக்கு உரிய மரியாதையைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அதற்குப் பதவி ஒன்றுதான் வழியா? சிங்கப்பூரில் 2001 முதல் கற்பித்தலுக்குத் தனி உயர்வுப் பாதை உண்டு. நன்றாகப் பாடம் நடத்துபவர் நிர்வாக நாற்காலிக்குப் போய்த்தான் உயர வேண்டும் என்பதில்லை. முப்பதாண்டு அனுபவமுள்ள தமிழாசிரியருக்குக் கோப்புகளைவிட இளையவர் வகுப்பைப் பார்த்து வழிகாட்டுவது பிடித்திருக்கலாம். அவரைக் கேட்க வேண்டும். யாருக்கு எது வரும் என்பது ஒரு பருவத்தில் தெரியாது. கூட்டத்தில் வாய் திறக்காதவர் கால அட்டவணையில் கெட்டிக்காரராக இருப்பார். முதல் சனிக்கிழமை சொதப்பலாம். அப்போது பெற்றோர் முன் தலைமையாசிரியர் அது பள்ளியின் முடிவு என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆண்டும் அதே இருவரிடமே பொறுப்பைத் தர வேண்டும்.