மடை திறக்கும் நேரம்

சென்னை

அன்பு மருமகளுக்கு,

காலை ஏழு மணி மாத்திரை பத்தரை வரைதான் தாங்குகிறது, அதன்பிறகு தாத்தாவின் கால் நிலைப்படியிலேயே ஒட்டிக்கொள்கிறது, பதினொரு மணிக்கு மாத்திரை போட்டு அரை மணி கழித்துத்தான் நடக்கிறார் என்று சொன்னாய். இன்னொரு அரை மாத்திரை சேர்த்துக் கொடுக்கட்டுமா என்றும் கேட்டாய். போனில் வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். கல்லூரிக்கும் போய்க்கொண்டு, ஆச்சிக்குத் துணையாக அந்த மாத்திரை டப்பாவை நீதான் பார்த்துக்கொள்கிறாய். ஏன் வேண்டாம் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் ஊர்க் குளத்தை நினைத்துக்கொள். குளம் நிறைந்திருந்தால் ஒரு வாரம் மழை இல்லாவிட்டாலும் வயல் வாடாது. நம் நடுமூளையில் கருநிறமாக ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள செல்கள் டோபமின் என்ற பொருளைச் சுரந்து, சேர்த்து வைத்து, தேவைக்கேற்ப விடுகின்றன. நடையும் கையசைவும் சீராக இருப்பது அதனால்தான். பார்க்கின்சன் நோயில் அந்தச் செல்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. நோய் தொடங்கிய புதிதில் குளத்தில் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். மாத்திரையில் வருவதைத் தேக்கி வைத்துக்கொள்ளும். அதனால்தான் தாத்தாவுக்கு முதல் சில வருடங்கள் மூன்று வேளை மாத்திரையே நாள் முழுக்கப் போதுமானதாக இருந்தது. இப்போது குளம் தூர்ந்துவிட்டது. மடை திறந்தால் தண்ணீர், மூடினால் வறட்சி.

டோபமினை நேரடியாகக் கொடுத்தால் அது மூளைக்குள் நுழையாது. அதன் மூலப்பொருளான லெவோடோபா நுழையும். வழியிலேயே உடம்பு அதைச் செலவழித்துவிடாமலும் குமட்டல் குறையவும் கார்பிடோபாவைச் சேர்க்கிறார்கள். மாத்திரை அட்டையில் உள்ள எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள். 110 என்றால் லெவோடோபா 100 மில்லிகிராம், கார்பிடோபா 10. 125 என்றால் 100-ம் 25-ம். 275 என்றால் 250-ம் 25-ம். ஆக, 110-க்குப் பதில் 125 வந்தால் லெவோடோபா ஏறவில்லை; 275 வந்தால் இரண்டரை மடங்கு. பெயருக்குப் பின்னால் சிஆர் என்று இருந்தால் அது மெதுவாகக் கரையும் வகை, அதைப் பொடித்துக் கொடுக்கக் கூடாது. மருந்துக்கடையில் "இதுவும் அதுதான்" என்று மாற்றிக் கொடுத்தால் வாங்காமல் மருத்துவரைக் கேள்.

லெவோடோபாவில் பாதி, ரத்தத்திலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும். தாத்தாவுக்குப் பத்தரை மணிக்கு நேர்வது அந்த வறட்சிதான். அதற்கு மருத்துவரிடம் பல வழிகள் உண்டு. மொத்த அளவைக் கூட்டாமலே இடைவெளியைக் குறுக்கலாம். என்டகபோன் சேர்த்து ஒவ்வொரு வேளையையும் சற்று நீட்டலாம். ரசாகிலினோ பிரமிபெக்சோலோ தரலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. பிரமிபெக்சோல் சிலருக்குப் பகலிலேயே தூக்கத்தை இழுக்கும். சிலருக்குச் சூதாட்டம், அளவற்ற செலவு என்று கட்டுப்படாத ஆசைகளையும் கிளப்பும். வயதையும் மற்ற நோய்களையும் பார்த்துத்தான் அவர் தேர்ந்தெடுப்பார்.

நான் ஒருமுறை மருத்துவரைக் கேட்காமல் அளவைக் கூட்டினேன். நீ பள்ளியில் படித்த காலம். என் அப்பா, உன் தாத்தா, கஷ்டப்படுகிறாரே என்று நானாக ஒரு வேளைக்கு இரண்டாகக் கொடுத்தேன். கையும் கழுத்தும் தாமாக நெளிய ஆரம்பித்தன. ராத்திரி திண்ணையில் யாரோ உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். எழுந்தபோது ரத்த அழுத்தம் இறங்கித் தள்ளாடி விழப் பார்த்தார். மடையை அகலமாகத் திறந்தால் வயல் செழிப்பதில்லை, வரப்புதான் உடைகிறது என்று அன்றைக்குப் புரிந்தது. 1967-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் இந்த மருந்து பயன்படும் என்று காட்டியதே, சிறு அளவில் தொடங்கிப் பொறுமையாகப் படிப்படியாக ஏற்றியதால்தான்.

அளவைக் கூட்டக் கேட்பதற்கு முன் சாப்பாட்டைப் பார். பால், முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றின் புரதமும் லெவோடோபாவும் குடலிலிருந்து உள்ளே போகவும், பிறகு மூளைக்குள் நுழையவும் ஒரே வாசலுக்கு முட்டி மோதும். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், ஒரு டம்ளர் தண்ணீரோடு கொடு. ஆச்சி அன்போடு கொண்டுவரும் பால் காப்பி அதற்கப்புறம் வரட்டும். புரதத்தை நிறுத்திவிடாதே, உடம்பு மெலிந்துவிடும். இரும்புச்சத்து மாத்திரையும் லெவோடோபாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடு. மலச்சிக்கலைக் கவனி. சாரல் காலத்தில் சளி, காய்ச்சல் வந்தாலும், சிறுநீரில் கிருமி தொற்றினாலும் நடை திடீரென்று மோசமாகும். அப்போது தேவை அந்த நோய்க்கான வைத்தியம்.

பக்கத்து வீட்டில் பூனைக்காலி விதைப் பொடி கொடுக்கச் சொன்னார்கள் என்றாய். அது பொய்யான வைத்தியம் என்று நான் சொல்லமாட்டேன். 1937-லேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரு ஆய்வாளர்கள் அந்த விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். மாத்திரையில் இருப்பதும் விதையில் இருப்பதும் ஒரே பொருள் என்பதால்தான் எனக்குப் பயம். ஒரு கரண்டிப் பொடியில் எத்தனை மில்லிகிராம் என்று அளக்காமல் சேர்ப்பது, நான் அன்று செய்த அதே தவறு.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஒரு கிளினிக்கில் அப்பாவுக்கு வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு கொடுத்தார்கள். இரண்டே நாளில் உடம்பு மரக்கட்டையானது. அது மூளையில் டோபமின் வேலை செய்யும் இடத்தையே அடைத்துவிடும். தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், புளூனரிசின், புரோகுளோர்பெரசின் மாத்திரைகளாலும் இந்த ஆபத்து உண்டு. எந்த மருத்துவரிடம் போனாலும் "தாத்தாவுக்குப் பார்க்கின்சன் இருக்கிறது" என்று முதலில் சொல். இரண்டாவது, மாத்திரை தீர்ந்துபோக விடாதே. திடீரென்று நின்றால் உடல் விறைத்துக் கடும் காய்ச்சல் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

இனி உன் வேலை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. ஏழு நாளைக்கு, விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு வரி: மாத்திரை எப்போது, சாப்பாடு என்ன, நன்றாக நடந்தாரா, ஒட்டிக்கொண்டாரா, தானாக நெளிந்தாரா. பாளையங்கோட்டையில் மருத்துவர் தாத்தாவைப் பத்து நிமிடம்தான் பார்ப்பார். அந்தப் பத்து நிமிடம் அவர் நன்றாக நடக்கும் நேரமாகவே அமைந்துவிட்டால், பத்தரை மணிச் சங்கடம் மருத்துவர் கண்ணில் படவே படாது. மருந்தை மாற்றும் அறிவு அவருடையது. மாற்றுவதற்கான காரணம் உன் நோட்டில்தான் இருக்கிறது.

முதல் பக்கத்தில் எழுத ஒன்று பாக்கி. நீயும் நானும் இவ்வளவு பேசினோம், தாத்தாவைக் கேட்கவில்லை. நாள் முழுக்க ஒரே சீராக நடக்க வைக்க எந்த மருந்தாலும் முடியாமல் போகலாம். எந்த ஒரு மணி நேரம் அவருக்குக் கட்டாயம் வேண்டும் என்று தாத்தாவிடம் கேள். சாயங்காலம் குளக்கரை வரை போய்வர வேண்டும் என்பாரோ, காலையில் தானே குளிக்க வேண்டும் என்பாரோ. குரல் தாழ்ந்துதான் வரும், பக்கத்தில் உட்கார்ந்து காத்திரு. அவர் சொல்வதை அப்படியே எழுதி மருத்துவரிடம் காட்டு. மடையை எந்த நேரத்துக்குத் திறப்பது என்று அதை வைத்து மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அன்புடன்,
மாமா