‘ஹை ரிஸ்க்’ என்று எழுதிவிட்டார்கள், இனி என்ன செய்வது? மட்டாஞ்சேரிக் குடும்பங்களுக்கு

கர்ப்பிணி அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய அன்றே வீட்டில் அழுகையும் நேர்த்திக்கடனும் தொடங்கிவிடும், யார் கண் பட்டதென்ற விசாரணை வேறு. இந்தப் பெண்ணைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று அடுத்த நர்ஸுக்கும் டாக்டருக்கும் சொல்லத்தான் அந்த ஸ்டிக்கர். 2018–20 கணக்குப்படி, ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறந்தால் கேரளத்தில் 19 தாய்மார் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54, இந்தியா முழுமைக்கும் 97. கேரள மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004 முதல் தாய்மரணங்களைப் பெயர் மறைத்து, யார் மேலும் பழி போடாமல் ஆராய்ந்து வருகிறது. அதில் முன்னணியில் நிற்கும் காரணங்கள் ரத்தப்போக்கும் ரத்த அழுத்தமும். இரண்டுமே நேரத்தோடு ஓடும் ஓட்டம். ஆகவே எப்போது, எங்கே போவது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து வைப்பதுதான் உங்கள் முதல் வேலை.

1. காரணத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள்

பி.பி., சர்க்கரை, இரட்டைக் குழந்தை, கீழே இறங்கிய நஞ்சுக்கொடி, முன்பு சிசேரியன், ரத்தசோகை, தைராய்டு, 35 வயதுக்கு மேல் என்று எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். ஒன்றுக்குச் சொன்னது இன்னொன்றுக்குப் பொருந்தாது. பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொன்ன படுக்கை ஓய்வை நீங்களாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எனக்கு என்ன ஆபத்து? எதை அளந்து பார்க்க வேண்டும்? எந்த அறிகுறி வந்தால் உடனே ஓடிவர வேண்டும்? பதிலை அட்டையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மாதந்தோறும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசச் சிறப்புப் பரிசோதனை உண்டு. உங்கள் பகுதி ஆஷா பணியாளரின் எண் கையில் இருந்தால் பாதி அலைச்சல் குறையும்.

2. பிரசவ இடத்தை 28 வாரத்துக்குள் முடிவுசெய்யுங்கள்

மாதாந்தரப் பரிசோதனைக்கு மட்டாஞ்சேரியின் பெண்கள் குழந்தைகள் அரசு மருத்துவமனை நடந்தே போகும் தூரம்தான். பிரசவமும் அங்கேயா என்பது உங்கள் காரணத்தைப் பொறுத்தது. இரவில் மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா, ரத்தம் கிடைக்குமா, குறைமாதக் குழந்தைக்குத் தீவிர சிகிச்சை உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இல்லை என்றால் எறணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரி, களமசேரி மருத்துவக் கல்லூரி, அல்லது வசதியுள்ள தனியார் மருத்துவமனை எது என்று அப்போதே பேசி முடித்துவிடுங்கள். முன்கூட்டியே பிரசவம் ஆகலாம் என்ற பயம் இருந்தால் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது. பிறந்த பிறகு பச்சைக் குழந்தையை ஆம்புலன்ஸில் ஏற்றிப் பாலம் கடப்பது அதைவிட ஆபத்து.

3. அளவுகளைப் பாருங்கள்

பி.பி. பிரச்சினை என்றால் முழங்கைக்கு மேல் கட்டும் மெஷின் ஒன்று வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் பதிய, காலையும் மாலையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். 140/90 தொட்டால் அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டும். 160/110 என்றால் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை, நேரே கிளம்பலாம். உப்பைக் குறைத்தால் இந்த பி.பி. வராமல் தடுக்கலாம் என்பது வீட்டுப் பெரியவர்களின் நம்பிக்கை, அவ்வளவே. சிலருக்கு மூன்றாம் மாதம் முடிந்ததும் சிறிய அளவு ஆஸ்பிரின் எழுதித் தருவார்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதற்கு என்று வீட்டில் யாராவது நிறுத்தச் சொன்னால் கேட்க வேண்டாம். ஆனால் டாக்டர் சொல்லாமல் தானாகவும் எடுக்கக் கூடாது.

சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் பார்ப்பார்கள். 140-ம் அதற்கு மேலும் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. இரும்புச்சத்து மாத்திரையைச் சுலைமானியோடோ பால் சாயாவோடோ விழுங்கினால் சத்து உடம்பில் ஒட்டாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சாயா வேண்டாம். கால்சியம் மாத்திரைக்கும் வேறு வேளை.

4. வளைகாப்பும் தாய்வீடும்

மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சி டோபி கானா பக்கத்திலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. ஏழாம் மாதம் வளையல் அடுக்கியதும் பெண்ணை மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ ரயில் ஏற்றிவிடுவது வழக்கம். ஹை ரிஸ்க் பெண்ணுக்கு அந்த ரயிலே வேண்டாம் என்பேன். ஆறேழு மாதம் பார்த்த டாக்டரையும் ஃபைலையும் கடைசிக் கட்டத்தில் மாற்றுகிறோம். புது ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும், அதுவும் வலியோடு. அம்மாவை இங்கே வரவழையுங்கள். வளைகாப்பை வீட்டுக் கூடத்திலேயே நடத்துங்கள், ஐந்து வகைச் சோறும் இங்கேயே கிண்டலாம்.

போயே ஆக வேண்டுமென்றால் முதலில் டாக்டரின் சம்மதம். நஞ்சு கீழே இருப்பவர்களுக்கும் இரட்டைக் குழந்தைக்காரர்களுக்கும் பெரும்பாலும் அது கிடைக்காது. அடுத்து, ஊரில் பார்க்கப்போகும் ஆஸ்பத்திரியில் முன்பே பதிவு. எல்லா ஸ்கேனும், ரத்த வகைச் சீட்டும், மாத்திரை அட்டையும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் அல்ல. தமிழ்நாட்டில் பிரசவம் என்றால் கர்ப்பிணிப் பதிவுக்கான பிக்மி எண் கேட்பார்கள், கிராமச் சுகாதார நர்ஸைப் பார்த்து வாங்கிவிடுங்கள்.

5. ராத்திரி இரண்டு மணிக்கு

படகும் வாட்டர் மெட்ரோவும் பகல் பரிசோதனைக்குச் சரி. ராத்திரி என்றால் தோப்பும்படி பாலம், வெல்லிங்டன் தீவு வழியாகத்தான் எறணாகுளம். மழையோடு வேலியேற்றமும் (கடல்நீர் ஏற்றம்) சேர்ந்தால் சில சந்துகளில் முழங்கால் தண்ணீர் நிற்கும், ஆட்டோ வராது. எந்த முனைவரை நடந்து வண்டி ஏறுவது என்று பகலிலேயே பார்த்து வையுங்கள். 108 இலவசம், அதோடு வண்டி உள்ள இரண்டு பேரின் எண்ணும் சுவரில் இருக்கட்டும். உங்கள் ரத்த வகை உள்ள இருவரிடம் முன்பே சொல்லி வையுங்கள், நெகட்டிவ் வகை என்றால் கட்டாயம். ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு மூன்று மலையாள வார்த்தையாவது கற்றுக்கொடுங்கள்: தலவேதன, ரக்தம் போகுன்னு, குஞ்ஞினு அனக்கமில்லா (குழந்தைக்கு அசைவில்லை).

கடும் தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, மூச்சுத் திணறல், வலிப்பு, ரத்தம், நீர்க்குடம் உடைதல் இவற்றில் எதுவும் விடியும்வரை காத்திருக்காது. 28 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலும் அப்படியே. இனிப்பு குடித்துப் பார்ப்போம் என்று மணிக்கணக்கில் உட்கார வேண்டாம். காய்ச்சலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இது கொசு ஊர், டெங்கு கர்ப்பிணியைச் சும்மா விடாது.

6. பிறந்த பிறகும் ஆறு வாரம்

குழந்தை வந்ததும் எல்லோரும் தொட்டிலைச் சுற்றி நிற்பார்கள். தாயின் பி.பி. ஏறுவது பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள்வரை, அதாவது வீட்டுக்கு வந்த பிறகு. மெஷினை எடுத்து மூலையில் வைக்காதீர்கள். தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி. சர்க்கரை இருந்தவர்களுக்கு ஆறாவது வாரம் மறுபடி குளுக்கோஸ் சோதனை. டிஸ்சார்ஜ் சீட்டில் சிசேரியன் ஏன் செய்தார்கள், வெட்டு எந்த மாதிரி, அடுத்த கர்ப்பத்துக்கு எத்தனை மாத இடைவெளி வேண்டும் என்பதையும் எழுதச் சொல்லி வாங்குங்கள். அதை ஒரு நகலெடுத்துக் கர்ப்பிணி அட்டையோடு சேர்த்துப் பின் போட்டு வையுங்கள்.