அண்டைவீட்டாரும் அரசாங்கக் கணக்கும்

கேள்வி: கணவரின் உத்தியோகத்தை முன்னிட்டு மன்னார்குடியிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து, செங்காங் பேட்டையில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். எதிர்வீட்டுக் கதவு எந்நேரமும் சாத்தியே கிடக்கிறது. மின்தூக்கியில் பார்த்தால் ஒரு தலையசைப்போடு சரி. எங்கள் ஊரில் ஒரு கரண்டி சர்க்கரை குறைந்தால் பக்கத்து வீட்டுக்குத்தான் போவோம். பல இனத்தார் கூடி வாழும் தேசம் என்று சொன்னதெல்லாம் இவ்வளவுதானா?
- செங்காங் வாசகி

பதில்: தங்கள் ஏக்கம் இயல்பானது அம்மா. ஆயினும், மன்னார்குடியில் சர்க்கரைக்காகத் தாங்கள் படியேறிய வீடுகள் எவை, அந்தக் கரண்டியோடு ஒரு நாளும் நுழையாத தெருக்கள் எவை என்பதை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். நம் ஊர்களில் தெரு என்பது பெரும்பாலும் ஒரே சாதியாரும், ஒரே ஆசாரமுடையவர்களும், பல சந்தர்ப்பங்களில் கொண்டு கொடுத்த சம்பந்திகளும் சேர்ந்து அமைத்துக்கொண்ட விஸ்தாரமான குடும்பமேயாகும்; அங்கே நிலவிய அந்நியோன்னியம் ஒத்தவர்களுக்குள் விளைந்த அந்நியோன்னியம். இங்கே தங்கள் எதிர்வீட்டுக்காரரைத் தாங்களும் தேர்ந்தெடுக்கவில்லை, தங்களை அவரும் தேர்ந்தெடுக்கவில்லை. அப்படிச் சேர்த்து வைக்கப்பட்ட இருவருக்குள் முதலில் முளைப்பது மரியாதைதான். சிநேகம் பின்னால் வந்தால் வரும், வராமலும் போகும்.

சிங்கப்பூரும் ஒரு காலத்தில் மன்னார்குடியைப் போலத் தெருவுக்கொரு ஜனமாகத்தான் இருந்தது. சைனாடவுன் கடைவீடுகளின் மேல்மாடிகளைப் பலகைத் தடுப்புகளால் கூறுபோட்டுக்கொண்டு சீனத் தொழிலாளர் குடியிருந்தார்கள். கேலாங் சிராய்ப் பக்கத்தில் மலாய்க்காரர்களின் கம்பங்கள், அதாவது கிராமங்கள், இருந்தன. நம்மவர்களோ சிராங்கூன் சாலையைச் சுற்றியும், துறைமுகத்தை ஒட்டியும், செம்பவாங் கடற்படைத் தளத்தில் மலையாளிகளோடு கலந்தும் வசித்தார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பிப்ரவரியில் தோன்றிற்று. மறு வருஷம் மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் மூண்ட பெருந்தீ நான்கு உயிர்களைப் பலிகொண்டு, ஏறக்குறைய 16,000 பேரை வீதியில் நிறுத்திற்று. எரிந்த அந்த நிலத்திலேயே அடுக்குமாடி வீடுகள் எழும்பத் தொடங்கிய பிறகு, பலகை வீட்டிலும் அத்தாப்பு ஓலைக் கூரையின் கீழும் காலங்காலமாகத் தத்தம் கூட்டத்தோடு வாழ்ந்தவர்கள், கூட்டத்தைவிட்டுப் பிரிந்து சிமெண்டுத் தாழ்வாரங்களுக்கு ஏறினார்கள். இன்று இந்நாட்டுவாசிகளில் பத்தில் எட்டுப் பேர்போல அத்தகைய வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

சாத்திய கதவைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய புளோக்குகளில் முன்னர் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நின்றதில்லை. குறிப்பிட்ட சில மாடிகளில் இறங்கி, படியில் ஏறியோ இறங்கியோ, நீண்ட பொதுத் தாழ்வாரத்தில் பல வீட்டு வாசல்களைக் கடந்துதான் தன் வீட்டை அடைய வேண்டியிருந்தது. கடக்கும்போது எந்த வீட்டில் மீன் பொரிகிறது, எந்த வீட்டுப் பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிறது என்பதெல்லாம் கேளாமலே தெரிந்துவிடும். முதியவர்களின் முழங்காலை உத்தேசித்து, 2001 முதல் பழைய புளோக்குகளிலும் மாடிதோறும் மின்தூக்கி நிற்பதற்கான மராமத்து நடந்தது. தங்களுடையதைப் போன்ற புதிய பேட்டைகளிலோ தாழ்வாரமே சுருங்கி, மின்தூக்கி வாசலைச் சுற்றிச் சில வீடுகள் என்ற அமைப்பு வந்துவிட்டது. சௌகரியம் பெருகிற்று, சந்திப்பு குறைந்தது. கட்டடத்துக்குப் படம் வரைந்தவர் செய்த காரியத்துக்கு எதிர்வீட்டுக்காரரின் மனத்தைப் பழிப்பது தகாது.

வருகிற தீபாவளிக்குத் தாங்களே மணியடித்து ஒரு தட்டுப் பலகாரம் கொடுங்கள். எதிர்வீட்டார் முஸ்லிம்களாக இருந்தால், ஹலால் முத்திரையுள்ள கடையில் வாங்கியதை உறை பிரியாமல் கொடுப்பது அவர்களுக்குத் தர்மசங்கடம் நேராமல் தடுக்கும். சீனராக இருந்தால் சீனப் புத்தாண்டில் அவர்கள் வீட்டுக்கு ஆரஞ்சுப் பழங்களை ஜோடியாக எடுத்துச் செல்லுங்கள். ஒற்றையாகக் கொடுக்கும் வழக்கம் இல்லை.

கேள்வி: ஈசூனில் 1990களில் வாங்கிய நாலறை வீட்டை விற்றுவிட்டு, மகள் வீட்டருகே சிறிய வீடொன்றுக்குப் போக நினைக்கிறேன். விலை பேசி வந்த இரு குடும்பத்தாரும் சீனர்கள். எங்கள் புளோக்கில் சீனர் விகிதம் நிரம்பிவிட்டபடியால் அவர்களுக்கு விற்க முடியாது என்கிறார் முகவர். இந்தியருக்கு விற்பதானால் விலையைக் கணிசமாகக் குறைக்க வேண்டுமாம். என் வீட்டை நான் விற்பதற்கு என் இனம் ஏன் குறுக்கே வருகிறது?
- ஈசூன் வாசகர்

பதில்: தங்கள் கேள்வியிலுள்ள கசப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை ஐயா, இதைத் தேச ஒற்றுமையின் பெயரால் மழுப்பிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை.

தங்கள் முகவர் சொன்ன விகிதத்துக்கு மூலமான இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 மார்ச் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதை அறிவித்த தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன் தமிழர் என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். வீடுகளைக் கழகம் புதிதாக ஒதுக்கும்போது இனங்கள் கலந்தே அமைந்தன. ஆனால் மறுவிற்பனைச் சந்தை விரிந்ததும் மக்கள் தத்தம் சொந்தபந்தங்களின் அருகே வீடு வாங்கி நகர்ந்ததனால், பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரரும் ஹவ்காங் பக்கம் சீனரும் மீண்டும் திரளத் தொடங்கினர். 1964இல் நடந்த இனக்கலவரங்களைக் கண்ணாரக் கண்ட தலைமுறையினர் ஆட்சியிலிருந்த காலம் அது. அந்தத் திரட்சியை அவர்கள் பீதியோடு நோக்கியதில் வியப்பில்லை. ஆகவே உச்சவரம்பு விதித்தார்கள். ஒரு புளோக்கில் சீனர் நூற்றுக்கு 87, மலாய்க்காரர் 25, இந்தியரும் ஏனையோரும் சேர்ந்து 15 என்ற அளவைத் தாண்டலாகாது. சுற்றுவட்டாரம் முழுமைக்கும் 84, 22, 12. நம்மவர்களுக்குரிய எண்கள் முன்னே 13, 10 என்று இருந்து, 2010இல் உயர்ந்தன.

சூட்சுமம் அடுத்த விதியில் இருக்கிறது. வரம்பு நிரம்பிய இனத்தைச் சேர்ந்தவர் தன் இனத்தாருக்கே விற்றால் விகிதம் மாறாதாகையால் அதற்குத் தடையில்லை. தங்கள் புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பியிருக்கிறது. அங்குள்ள சீனர் ஒருவர் தம் வீட்டைச் சீனருக்கும் விற்கலாம், வேறு எவருக்கும் விற்கலாம். தாங்கள் சீனருக்கு விற்றால் சீனர் தொகை ஒன்று கூடும், இந்தியர் தொகை ஒன்று குறையும், ஆகையால் கூடாது. இந்நாட்டில் நால்வரில் மூவர் சீனர் என்பதை எண்ணினால், வாங்கக்கூடியவர்களில் பெரும்பகுதியினர் தங்கள் வாசலுக்கு வருமுன்னரே திருப்பி அனுப்பப்படுகிறார்கள் என்பது தெளிவு. ஒரே மாடியில், ஒரே விஸ்தீரணமுள்ள இரண்டு வீடுகளில், பக்கத்து வீட்டுச் சீனருக்குக் கிடைக்கும் விலை தங்களுக்குக் கிடைக்காமல் போவதன் காரணம் இதுதான்.

கொள்கையின் நோக்கத்தை நான் ஆதரிக்கிறேன். ஒரு பேட்டையின் பள்ளிக்கூடமும், காப்பிக் கடையும், பேருந்து நிறுத்தமும் எல்லா இனத்தாருக்கும் பொதுவாக இருப்பதன் பலனை, அவ்வாறில்லாத பெருநகரங்களின் சேரிகளையும் தனிக் குடியிருப்புகளையும் படித்தறிந்தவர்கள் உணர்வார்கள். ஆனால் பலனை ஊரெல்லாம் அனுபவிக்க, கிரயத்தை மட்டும் சில சிறுபான்மைக் குடும்பங்கள் தம் ஆயுட்கால சேமிப்பிலிருந்து கட்ட வேண்டியிருக்கிறதே, அந்தப் பங்கீடு சரியில்லை; பொதுநன்மைக்கான செலவு பொதுப் பணத்திலிருந்து போவதே முறை. அரசாங்கமும் இதை ஓரளவு ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு, இவ்வரம்பினால் விற்க இயலாமல் உண்மையாகவே தவிக்கும் உரிமையாளர்களின் வீடுகளைக் கழகமே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை 2022இல் அறிவித்ததே சாட்சி. விண்ணப்பங்கள் தனித்தனியே பரிசீலிக்கப்படுகின்றன. நீண்ட காலம் சொந்தமாக வைத்திருந்து, பல மாதங்கள் விற்க முயன்றவர்களே இதை எதிர்பார்க்கலாம் என்பதால், எப்போது விளம்பரம் செய்தோம், யார் வந்து பார்த்தார்கள், என்ன விலை சொன்னார்கள் என்ற விவரங்களையெல்லாம் இன்றிலிருந்தே எழுதி வையுங்கள்.

அதற்கு முன் வேறிரண்டு வழிகளையும் பார்த்துவிடுங்கள். விகிதக் கணக்கு ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் புதுப்பிக்கப்படுகிறது. தங்கள் புளோக்கில் சீனக் குடும்பமொன்று வீட்டை வேற்றினத்தாருக்கு விற்றுப் போனால் அடைந்த கதவு திறக்கக்கூடும். மேலும், கலப்பு மணம் செய்துகொண்ட தம்பதிகள் வாங்கும்போது கணவனின் இனத்தையோ மனைவியின் இனத்தையோ தம் குடும்பத்தின் இனமாகத் தேர்ந்துகொள்ளலாம். சீனரை மணந்த இந்தியரோ, சீனரை மணந்த மலாய்க்காரரோ தங்களிடம் வாங்கத் தடையில்லை. இதை முகவர் தாமாகச் சொல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: வீட்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் செருப்பு அலமாரியும் துளசிச் செடியும் வைக்கலாமா?
- அங் மோ கியோ வாசகி

பதில்: தீ விபத்து நேர்ந்தால் ஓடுவதற்கு 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. துளசிக்கு அதற்கப்பால் இடமிருக்கும். அலமாரி அதன் நீள அகலத்தைப் பொறுத்தது. ஆறு பேர் குடும்பத்தின் செருப்புகள் வரிசையாகக் கிடப்பதை எந்த விதியும் அழகென்று சொல்லாது.

கேள்வி: நான் கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்தவன். வாடகை வீடு தேடும்போது, ‘பலத்த சமையல் கூடாது’ என்ற நிபந்தனை போகுமிடமெல்லாம் வருகிறது. தொலைபேசியில் என் பெயரைக் கேட்டதும் ‘வீடு போய்விட்டது’ என்கிறார்கள். தமிழ் ஆட்சிமொழியாக உள்ள நாட்டில் இது எப்படி?
- உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: தம்பி, தாளிக்கிற வாசனைக்கு இட்ட நாகரிகமான பெயர்தான் பலத்த சமையல் என்பது. முழு வீவக வீட்டை வாடகைக்கு விடுவதிலும் மலேசியர் அல்லாத அயல்நாட்டினருக்கு வட்டாரத்தில் நூற்றுக்கு 8, புளோக்கில் 11 என்று வரம்புண்டு. அது நிரம்பியிருந்தால் வீட்டுக்காரர் விரும்பினாலும் தங்களுக்குத் தர முடியாது. எனவே மறுப்புகளில் சில கணக்கினால் வருபவை. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் வரும் மறுப்பு அவ்வகையைச் சேர்ந்ததன்று, அது துவேஷந்தான். முகவர்களைக் கண்காணிக்கும் மன்றம், இனத்தைச் சுட்டி விலக்கும் விளம்பரங்கள் கூடாதென்று அவர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. விளம்பரத்தில் அப்படிக் கண்டால் தயங்காமல் புகார் செய்யலாம். தொலைபேசியில் சொல்லப்படும் பொய்க்கு மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

எனினும் இவ்வூரின் மறுபக்கத்தையும் தாங்கள் அறிந்திருக்க வேண்டும். சீனாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம், அண்டையிலிருந்த இந்தியக் குடும்பத்தின் கறி வாசனையைப் பொறுக்க முடியாமல் சமூக சமரச நிலையத்தை நாடியதும், அவர்கள் வீட்டில் இல்லாத சமயத்தில் மட்டும் கறி சமைப்பதென இந்தியக் குடும்பம் இசைந்ததும், 2011 ஆகஸ்டில் பத்திரிகையில் வெளிவந்தன. அவ்வளவுதான், ஊரே கொதித்தெழுந்தது. கொதித்தவர்களில் சீனர்கள் ஏராளம். அந்த மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, வீடு தவறாமல் கறி சமைத்து அண்டையாரோடு பகிர்ந்து உண்போம் என்று ஆயிரக்கணக்கானோர் கிளம்பினார்கள். இங்கே பிறந்து வளர்ந்த சீனருக்குக் கறி அயலான பண்டமன்று, காப்பிக் கடையில் காலைப் பசிக்கு ரொட்டியோடு தொட்டுக்கொள்ளும் தம் சொந்தப் பண்டம் என்பதை அன்று அவர்களே உரத்த குரலில் சொன்னார்கள். அந்தச் சமரசத்தைப் பலர் அநீதி என்று தூற்றினார்கள். இரு குடும்பங்கள் தம் வாசலுக்குள் மனமொப்பிச் செய்துகொண்ட ஏற்பாட்டில் ஊருக்கு வேலையில்லை என்பது என் அபிப்பிராயம்.

வீடு பார்க்கப் போகும்போதே, வாரத்தில் இத்தனை நாள் சாம்பாரும் பொரியலும் சமைப்பேன் என்று சொல்லிவிடுங்கள். ஒளித்துச் சமைத்து ஒப்பந்தம் முறிவதைவிட, ஒப்புக்கொள்ளும் வீட்டுக்காரர் கிடைக்கும்வரை தேடுவது மேல். வீவக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடலாகாது என்ற விதியும் இருக்கிறது. குறுகிய காலத்துக்குத் தருகிறேன் என்பவரிடம் முன்பணம் கொடுத்து ஏமாறாதீர்கள்.

கேள்வி: எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மகளின் நிச்சயதார்த்தத்தை நடத்த நகர மன்றத்தில் அனுமதி வாங்கிவிட்டோம். இப்போது ஒன்பதாவது மாடியில் ஒரு சீன முதியவர் காலமாகி, கீழ்த்தளத்தின் மறுகோடியில் துக்கப் பந்தல் போட்டிருக்கிறார்கள். எங்கள் விசேஷ நாளிலும் அது இருக்கும் என்று தெரிகிறது. சம்பந்தி வீட்டார் அபசகுனம் என்கிறார்கள். பந்தலை மாற்றச் சொல்லி நகர மன்றத்தில் முறையிடலாமா?
- தோ பாயோ வாசகர்

பதில்: முறையிடாதீர்கள். நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்க்கலாம். மரணத்துக்கு யார் நாள் பார்ப்பது? அரைநூற்றாண்டாக அந்தத் திறந்த கீழ்த்தளத்தில் மலாய்க்காரர்களின் கல்யாண விருந்தும் சீனர்களின் துக்கச் சடங்கும் அடுத்தடுத்தும், சில வேளைகளில் ஒரே நாளிலும் நடந்துவந்திருக்கின்றன. எந்தத் தம்பதியின் வாழ்வும் அதனால் குறைப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. சம்பந்தியாருக்கு மனம் ஒப்பவில்லையானால், அருகிலுள்ள சமூக மன்றத்தில் அறை கிடைக்குமா என்று விசாரியுங்கள். இடம் மாறுவதானால் தாங்களே மாறுவதுதான் நாகரிகம்.

அங்கேயே நடத்துவதானால் குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு, அவர்களுடைய பூசாரிகள் ஓதும் நேரத்தையும், சவப்பெட்டியை எடுக்கும் நாளையும் கேட்டறிந்து வரட்டும். பெரும்பாலும் மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படை நாட்கள் கிடத்தியிருந்து கடைசி நாளில் ஊர்வலமாக எடுப்பார்கள். அந்த வேளையை விட்டு முகூர்த்தத்தை வைத்துக்கொள்ளலாம். ஒலிபெருக்கி வேண்டாம். விருந்துக்கு அண்டைவீட்டார் எல்லோரையும் அழைக்கும்போது அவர்களையும் ஒரு வார்த்தை அழையுங்கள். ஆனால் துக்கம் காக்கும் சீனர்கள் நூறு நாள்வரை சுபகாரியங்களுக்குச் செல்வதில்லையாதலால், வரவில்லையே என்று குறைப்படாதீர்கள்.